மௌருஸ்: எங்கட பெயருக்குள் ஒரு லத்தீன் சொல்

வாப்பாவின் பிறப்புப் பதிவில் இனம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'சிலோன் மூர்' என்றிருக்கிறது. 'மூர் எண்டா என்ன வாப்பா?' என்று சிறு வயதில் கேட்டேன். 'அது வெள்ளக்காரன் வெச்ச பேரு' என்றார். பதில் பிழையில்லை. வெள்ளைக்காரன் அதை எங்கிருந்து எடுத்தான் என்பதுதான் கதை.

மூலம் 'மௌருஸ்' என்ற லத்தீன் ஆண்பாற் பெயர்ச்சொல். லத்தீன் பெயர்ச்சொற்களை ஐந்து வாய்பாடுகளாக வகுப்பர். இது இரண்டாவதைச் சேர்ந்தது. ஒருவர் 'மௌருஸ்', பலர் 'மௌரி', செயப்படுபொருளானால் 'மௌரும்'. நாம் 'ஐ' உருபை ஒட்டுகிற இடத்தில் லத்தீனில் சொல்லின் கடைசியே மாறிவிடும். இந்த 'மௌரும்' முக்கியம். போர்த்துக்கேய, ஸ்பானியப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை எழுவாயிலிருந்தல்ல, இந்த இரண்டாம் வேற்றுமை வடிவிலிருந்தே பிறந்தன. கடைசி மகரம் தேய்ந்து ஸ்பானியத்தில் 'மோரோ', போர்த்துக்கேயத்தில் 'மோரு' ஆயிற்று. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாகப் போய் 'மூர்' ஆனது.

ரோமர் இப்படி அழைத்தது இன்றைய மொரோக்கோ, மேற்கு அல்ஜீரியாவின் பர்பர் மக்களை. அவர்களின் நாடு மௌரெத்தானியா. கிரேக்கத்தில் கருமையைக் குறிக்கும் சொல்லோடு இதை இணைப்பாருண்டு. பினீசிய மொழியில் 'மேற்கத்தியர்' என்பாரும் உண்டு. ஆனால் உள்ளூரவர்களும் அப்படித்தான் சொன்னார்கள் என்று ஸ்திராபோ எழுதியிருக்கிறார். ஆகவே கருமைக் கதை எனக்கு ஒப்பவில்லை. எப்படியானாலும், இந்தப் பெயர் இஸ்லாத்துக்கு ஆறு நூற்றாண்டு மூத்தது.

711இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்தார். அவருடைய படையில் பெரும்பகுதி பர்பர்கள். அதன்பின் ஐபீரியாவில் 'மூர்' என்றால் முஸ்லிம் என்றாகிவிட்டது. 1498இல் கள்ளிக்கோட்டைக்கும், சில ஆண்டுகளில் இலங்கைக்கும் வந்த போர்த்துக்கேயர் இங்கே முஸ்லிம்களைக் கண்டதும் அதே பெயரைச் சூட்டினார்கள். முகத்தைப் பார்த்தல்ல, மார்க்கத்தைப் பார்த்து. பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை ஸ்பானியர் 'மோரோ' என்றதும் இப்படித்தான்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நம்மை இனத்தால் தமிழர் என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் வெளியிட்டார். அது பிரதிநிதித்துவத்தோடும் பிணைந்த வழக்கு, லேசானதல்ல. ஆனால் 'மூர்' என்ற சொல்லை எந்தப் பக்கத்துக்கும் சாட்சிக்கு அழைக்க முடியாது. அது அறபு வம்சத்தையும் சொல்லாது, தமிழ் வம்சத்தையும் சொல்லாது.

அப்ப 'சோனகர்' மட்டும் எங்கட சொல்லா? அதுவும் 'யவனர்' என்பதன் வழிவந்தது என்பர், சிங்களத்தில் 'யோனக'. யவனர் முதலில் அயோனியக் கிரேக்கர். வாப்பாவின் இனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு லத்தீன் சொல், தமிழில் ஒரு கிரேக்கச் சொல். அறபுச் சொல் இருப்பது அவருடைய பெயரில் மட்டும்தான்.