புதியவருக்குத் திறந்த கதவு

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரை நன்றாக ஒளிர்கிறது. விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடப் பழுதாகவில்லை. ஆயினும் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளன்று அந்தப் பொறிக்குத் திடீரென முதுமை வந்துவிட்டது! அன்றுதான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. இவை இல்லாத பொறிகள் வாசலிலேயே நின்றுவிட்டன. சில காலம் நீட்டிப்புப் பெற வழி இருந்தாலும், அதுவும் தற்காலிகமே.

பொறியில் எதுவும் கெடவில்லை. அப்படியானால், நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள் எப்போது ஓய்வு பெறவேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? இந்தக் கேள்வி புதியதன்று. இதைச் சென்ற நூற்றாண்டிலேயே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. விடையையும் தங்கள் கையாலேயே செய்து காட்டினார்கள். அந்த வரலாற்றைப் பார்ப்போம், வாருங்கள்.

லேகியமும் அதன் பக்குவமும்

முதலில் இயக்கமுறைமை என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். கல்யாண வீட்டில் ஒருவர் இருப்பார். அவர் சமைக்கமாட்டார், பந்தி பரிமாறமாட்டார். ஆனால் அடுப்பு எவருக்கு, பாத்திரம் எவருக்கு, அடுத்த பந்தி எப்போது என்பதையெல்லாம் அவர்தான் ஒழுங்குபடுத்துவார். அவர் இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே அண்டாவுக்குச் சண்டையிடுவார்கள். கணிப்பொறியில் நினைவகம், வட்டு, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றைப் பல மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மேற்பார்வையாளரே இயக்கமுறைமை.

ஒரு மென்பொருளை மனிதர் எழுதும்போது, படித்தால் புரியக்கூடிய ஒரு நிரல்மொழியில் எழுதுகிறார். இது மூலநிரல். பின்னர் அது பொறிக்கு மட்டுமே விளங்கும் எண்களாக மாற்றப்படுகிறது. நாட்டு வைத்தியர் தரும் லேகியத்தை நீங்கள் சாப்பிடலாம். ஆனால் என்ன சரக்கு எந்த அளவில் சேர்ந்தது என்று லேகியத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்குவம் எழுதிய சுவடி கையில் இருந்தால் மட்டுமே அதைத் திருத்தவும் திரும்பச் செய்யவும் முடியும். மூலநிரல் அந்தச் சுவடி போன்றது. நம் கதை முழுவதும் இந்தச் சுவடியைப் பற்றியதுதான்.

சுவடி திறந்தது, பின் மூடியது

1969-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற பழைய கணிப்பொறி ஒன்றே அவர்களுக்குக் கிடைத்தது. பழைய பொறி என்றால் பயனற்ற பொறி என்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெல் ஆய்வுக்கூடம் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1956-ல் அரசுடன் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி அந்நிறுவனம் செய்தித்தொடர்பைத் தவிர வேறு தொழிலில் இறங்கக் கூடாது. ஆகவே யூனிக்ஸை வணிகப் பொருளாக விற்க இயலவில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில் மூலநிரலோடு கொடுத்தார்கள். மாணவர்கள் அதைப் படித்தார்கள், பிழை கண்டார்கள், திருத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் 1977-ல் யூனிக்ஸின் ஆறாம் பதிப்புக்கு வரிவரியாக உரை எழுதினார். நூலுக்கு உரை எழுதும் மரபு நமக்குப் பழக்கமானதுதானே!

ஆனால் 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையில் கற்பிப்பதைத் தடை செய்தது. சுவடி மூடப்பட்டது. லயன்ஸின் உரை நகலுக்கு நகல் எடுக்கப்பட்டு, கைமாறிக் கைமாறி மாணவர்களிடையே உலவியது. அது முறைப்படி அச்சேற 1996 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

அச்சுப்பொறி மூட்டிய கோபம்

ஏறக்குறைய அதே காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர் பணியாற்றிவந்தார். அங்கிருந்த அச்சுப்பொறியில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய பொறியின் மூலநிரல் கையில் இருந்ததால், காகிதம் சிக்கியவுடன் பயனாளருக்குச் செய்தி வரும்படி அவர் அதைத் திருத்தியிருந்தார். புதிதாக வந்த அச்சுப்பொறிக்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் சென்று கேட்டார். எவருக்கும் தருவதில்லை என்று கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

சிறிய நிகழ்ச்சிதான். ஆனால் அண்டை வீட்டாருக்கு உதவக்கூடாது என்று ஓர் ஒப்பந்தம் சொல்லுமானால் அந்த ஒப்பந்தமே தவறு என்று ஸ்டால்மன் முடிவு செய்தார். 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், யூனிக்ஸைப் போன்ற, ஆனால் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயக்கமுறைமையை எழுதப்போவதாக அறிவித்தார். அதன் பெயர் குனூ. 1989-ல் குனூ பொதுமக்கள் உரிமம் வெளிவந்தது. இதன் சூட்சுமம் எளியது: மூலநிரலை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். திறந்த சுவடியை மீண்டும் எவரும் மூடிவிட முடியாது.

ஆங்கிலத்தில் காசில்லாமல் கிடைப்பதற்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் அங்கே குழப்பம் மிகுதி. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. இங்கே முதன்மையானது இரண்டாவதுதான்.

ஹெல்சிங்கி மாணவர்

1990 வாக்கில் குனூ திட்டத்திடம் தொகுப்பான், எழுத்துத் திருத்தி எனப் பெரும்பாலான உறுப்புகள் தயாராகிவிட்டன. ஆனால் நடுவிலே நின்று எல்லாவற்றையும் இயக்கும் கெர்னல் என்னும் உட்கரு முழுமை பெறவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர், அதற்கென்று புறப்பட்டவர் அல்லர்!

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ன் தொடக்கத்தில் 386 வகைக் கணிப்பொறி ஒன்றை வாங்கினார். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக 1987-ல் எழுதிய மினிக்ஸ் என்ற சிறிய இயக்கமுறைமையை அதில் நிறுவிப் பார்த்தார். அதன் குறைகளை நிரப்பத் தானே நிரல் எழுதத் தொடங்கினார். ஆகஸ்டு 25-ஆம் நாள் கணிப்பொறி வலை வழியாகத் தம் முயற்சியை அறிவித்தபோது, இது பொழுதுபோக்குக்காகச் செய்வது, பெரிதாக வளராது என்ற பொருள்படவே எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. செப்டம்பரில் வெளியிட்ட முதல் பதிப்பில் சுமார் 10,000 வரிகளே இருந்தன. 1992-ல் அவர் அதனைக் குனூ உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். உலகெங்கிலுமிருந்து திருத்தங்கள் குவிந்தன. 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது வரிகள் 1,76,000-ஐத் தாண்டிவிட்டன. பொழுதுபோக்கு எங்கே போய் நின்றது பாருங்கள்! உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் தொட்டு எல்லாமே லினக்ஸில் இயங்குபவை. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸ்தான். எனவே நீங்கள் லினக்ஸை அறியாதவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பெயர் தெரியாமல் பழகியவர், அவ்வளவே.

படி தாழ்ந்தது

ஆனால் அன்று ஒரு புதியவர் லினக்ஸுக்கு மாறுவது எளிதாக இருந்ததா? இல்லவே இல்லை. 1993-ல் பாட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர், அதே ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் போன்ற தொகுப்புகள் வந்தபின்னும், நெகிழ்வட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். வன்வட்டைக் கையால் பாகம் பிரிக்கவேண்டும். ஓர் எண் தவறினால் பழைய கோப்புகள் அத்தனையும் போகும். திரையின் அலைவெண்ணைக்கூடப் பயனாளரே எழுதித் தரவேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் திரையே பழுதாகலாம் என்ற எச்சரிக்கை கையேட்டில் இருந்தது!

இந்த உயரமான படியைத் தாழ்த்தப் பலர் முன்வந்தனர். 1996-ல் மத்தியாஸ் எட்ரிஷ் என்ற ஜெர்மன் மாணவர், நிரலர் அல்லாத சாதாரண மக்களுக்கென்றே கே.டி.ஈ. என்னும் படமுகப்பைத் தொடங்கினார். 1997-ல் மிகெல் டி இகாசா, ஃபெடரிகோ மேனா என்னும் மெக்சிகோ இளைஞர்கள் க்னோம் முகப்பைத் தொடங்கினர். 2000-ல் கிளவுஸ் க்னோப்பர் க்னோப்பிக்ஸ் என்னும் குறுவட்டை வெளியிட்டார். அதைச் செருகிப் பொறியைத் தொடங்கினால் லினக்ஸ் முழுதும் குறுவட்டிலிருந்தே ஓடும், வன்வட்டைத் தொடாது. வட்டை எடுத்துவிட்டுப் பொறியை மீண்டும் தொடங்கினால் பழையபடி ஆகிவிடும். அச்சமின்றி ருசி பார்க்கும் வழி இவ்வாறு பிறந்தது. 2004 அக்டோபரில் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியால் டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு வெளிவந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதன் குறுவட்டு அஞ்சல் செலவுகூட இல்லாமல் வீடு தேடி வந்தது. இந்தச் சேவை 2011 வரை நடந்தது.

நம் பக்கத்திலும்

நம் நாட்டிலும் இக்கதைக்கு ஒரு பகுதி உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனை ஒட்டி ‘பாஸ்’ என்னும் லினக்ஸை உருவாக்கி, அதில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடம் தந்தது. தமிழகத்தில் 2011-ல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தரப்பட்ட பொறிகளில் விண்டோஸுடன் பாஸும் இருந்தது. பொறியைத் தொடங்கும்போது இரண்டு பெயர்கள் திரையில் வந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். கேரளத்திலோ, 2001-ல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம் சில ஆண்டுகளுக்குள் கட்டற்ற மென்பொருளுக்கே முழுதும் மாறிவிட்டது. அங்கே முதலில் மாறியவர்கள் கணிப்பொறி நிபுணர்கள் அல்லர். மலையாளமும் கணக்கும் கற்பிக்கும் ஆசிரியர்கள். பயிற்சி கிடைத்தது, மாறினார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணிப்பொறிகளை மாற்றியது. ஆனால் 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவதென நகர மன்றம் முடிவு செய்தது. வெளியிலிருந்து வரும் ஆவணங்களோடும் சிறப்பு மென்பொருள்களோடும் ஒத்துப்போவதில் சிக்கல்கள் ஒருபுறம். நகரத் தலைமை மாறியது மறுபுறம். மாறுவது வெறும் பொறியின் காரியமன்று, பழக்கத்தின் காரியமும்கூட என்பதை இது காட்டுகிறது.

நீங்கள் தொடங்குவது எப்படி?

முதலில் உங்கள் படங்கள், கடிதங்கள், கணக்குகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. அடுத்து, உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை விரல் பருமனுள்ள பென் டிரைவில் ஏற்றி, க்னோப்பர் காட்டிய வழியில், நிறுவாமலேயே இயக்கிப் பாருங்கள். கம்பியில்லா இணைப்பு வருகிறதா? ஒலி கேட்கிறதா? அச்சுப்பொறி அசைகிறதா? தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்து நாலு வரி தட்டச்சு செய்ய முடிகிறதா? ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்கு இன்றியமையாத மென்பொருள் ஏதேனும் விண்டோஸில் மட்டுமே ஓடுமானால் அதையும் குறியுங்கள். அப்போது இரண்டையும் ஒரே பொறியில் வைத்துக்கொள்வது நலம். எல்லாம் சரியென்றால் மட்டும் நிறுவுங்கள்.

முதல் வாரம் பொத்தான்கள் இடம் மாறியிருப்பதாகத் தோன்றும். புது வீட்டில் விளக்குப் பொத்தானைச் சுவரில் தடவித் தேடுவதில்லையா? அதுபோலத்தான். அது உங்கள் அறியாமை அன்று.

ஒரு பழைய பொறியில் பிறந்த சுவடி மூடப்பட்டு, மீண்டும் திறக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் பலர் கைப்பட்டு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் அந்தக் கணிப்பொறியின் தூசியைத் தட்டுங்கள். அதற்கு ஓய்வு கொடுப்பதா, இன்னும் சில ஆண்டுகள் வேலை கொடுப்பதா? அந்த முடிவை எடுக்கவேண்டியவர் நீங்கள்தான்.