பேருந்தும் ஷேர் வண்டியும்: அருவங்காட்டை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

குன்னூருக்கும் உதகைக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது அருவங்காடு. பெரிய பேருந்துகள் அந்தச் சாலையோடு போய்விடுகின்றன. ஜெகதளா போன்ற ஹட்டிகள் எனும் படகர் ஊர்களும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும் சாலையிலிருந்து விலகி மேட்டிலும் பள்ளத்திலும் கிடக்கின்றன. இந்த இடைவெளியைச் சிறு வண்டியில் இடம் பகிர்ந்து கடப்பது மலைக்குப் புதிதன்று. நீலகிரிப் போக்குவரத்தின் தொடக்கத்திலிருந்தே அது உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் மலையேற டோங்கா எனும் குதிரை வண்டிதான். தபால் மூட்டைகளோடு பயணிகளும் அதில் ஏறினர். 1899இல் மலை ரயில் குன்னூரை எட்டியபின் டோங்காவின் வேலை குன்னூர்–உதகைச் சாலையாகச் சுருங்கியது. 1908இல் தண்டவாளம் உதகை வரை நீண்டது. ஆக, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில் முடிந்த இடத்தில் சிறு வண்டி தொடங்கியது. இரண்டையும் ஒரே பயணமாகவே மக்கள் கண்டனர்.

இதே காலத்தில்தான், 1904 வாக்கில், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. அதற்கு அருகிலேயே ரயில் நிலையமும் அமைந்தது. ஷிப்ட் முறையில் வேலை நடக்கும் ஆலை ஒரே நேரத்தில் பெருங்கூட்டத்தை வெளியே அனுப்பும். மற்ற நேரங்களில் சாலை வெறிச்சோடும். அரசுப் பேருந்தின் சீரான கால அட்டவணை இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒருபோதும் முழுமையாக ஈடுகொடுக்க முடியாது. 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவாகி, தனியார் வழித்தடங்கள் அரசுடைமையானது மலைக்குப் பெரும் நன்மை; லாபமில்லாத ஊர்களுக்கும் பேருந்து போனது. ஆனாலும் ஒரு நடை தவறினால் அடுத்த வண்டிக்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. ஜீப்புகள் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டன.

ஷேர் ஜீப்புக்கு அட்டவணை கிடையாது. ஓட்டுநர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் சேர்ந்தால் வண்டி எடுப்பார். ஷிப்ட் விடும் நேரத்தில் அது நிமிடத்தில் நிறையும். நடுப்பகலில் ரேஷன் அரிசிப் பையோடு வந்த பெண், இன்னும் மூவர் வரும்வரை சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பார். மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் அந்தக் காத்திருப்பு எத்தகையது என்பதை மலையில் வாழ்ந்தவரே அறிவர்.

ஷேர் ஜீப்பைச் சட்டத்துக்குப் புறம்பான தொழில் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேர் வரை ஏறும் வாடகைக் காரில் ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம் வாங்கினாலும் அதை ஒப்பந்த ஊர்தியாகவே கொள்கின்றன. வழியில் நிறுத்தி நிறுத்தி ஆளேற்றுவதும் அளவுக்கு மேல் ஏற்றுவதும்தான் குற்றம். 2020ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மாநிலம் தடுக்காதவரை, செயலி வழியாகச் சொந்தக் கார்களிலும் இடம் பகிர இடமளித்தன. நகருக்குள் நாளுக்கு நான்கு பயணம், நகரங்களுக்கிடையே வாரத்துக்கு இரண்டு என வரம்பும் வைத்தன.

வெளிநாட்டில் இந்தச் சிந்தனை காரையே பொதுவாக்கும் திசையில் வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1948இலேயே கார் பகிர்வுக் கூட்டுறவு தோன்றியது. 1987இல் தொடங்கிய இரு கூட்டுறவுகள் 1997இல் இணைந்து ‘மொபிலிட்டி’ ஆயின. ரயில் நிலையங்களில் அதன் கார்கள் நிற்கும். இறங்கியவர் எடுத்துக்கொண்டு போகலாம். சுவிட்சர்லாந்தும் மலைநாடு, பாடம் நமக்குப் பொருந்தும். ஆனால் நம் மலையில் ஓட்டத் தெரிந்த ஓட்டுநரோடு வண்டி பகிர்வதே ஏற்றது. கொண்டை ஊசி வளைவுகளில் அந்த அனுபவம் பாதுகாப்பு. பலருக்கு அதுவே பிழைப்பு.

இன்று இரு மாற்றங்கள் பேருந்தையும் ஷேர் வண்டியையும் இணைப்பதை அவசரமாக்கியுள்ளன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடைப் பருவத்தில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என உச்சவரம்பும் வந்தது. பேருந்துக்கு அந்த வரம்பு இல்லை; அதனால் பேருந்தில் வந்து சிறு வண்டிக்கு மாறுவோர் கூடலாம். இரண்டாவது, மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை மலைப் பகுதிகளுக்கு விரிவுபடுத்தும் தமிழக அரசின் 2024 பட்ஜெட் அறிவிப்பு. பேருந்தில் இலவசமாக வந்து இறங்கும் பெண், ஊருக்கான எஞ்சிய ஏற்றத்துக்கு மட்டும் ஜீப்பில் பணம் கொடுக்க வேண்டியிருப்பது பெரும் குறை.

மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட வட்டாரப் போக்குவரத்து ஆணையம் இதில் முன்கை எடுக்க வேண்டும். மஞ்சள் பலகை கொண்ட வாடகை வண்டிகளுக்கு அருவங்காட்டில் நிறுத்துமிடம், எழுதி ஒட்டிய கட்டணம், கடைசிப் பேருந்து வரும்வரை ஒரு வண்டியாவது காத்திருக்கும் ஏற்பாடு, பேருந்துச் சீட்டைக் காட்டினால் பெண்களுக்குச் சலுகை: இவற்றை இந்தக் கோடைக்கு முன்பே தொடங்கலாம்.