நெ. து. சுந்தரவடிவேலு: ஊரைப் பள்ளிக்கு அழைத்து வந்த கல்வியாளர்

நெ. து. சுந்தரவடிவேலு (1912–1993) தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி வரலாற்றில் நீங்கா இடம் பெற்ற கல்வியாளர் ஆவார். பொதுக்கல்வி இயக்குநர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆகிய பொறுப்புகளை வகித்தார்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912 அக்டோபர் 12 அன்று பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றார். பெரியாரின் கொள்கையில் பற்றுக் கொண்டு, காந்தம் அம்மையாரைச் சுயமரியாதை முறையில் மணந்தார். கல்வித்துறையில் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிப் படிப்படியாக உயர்ந்தார்.

மதிய உணவு

கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்த 1953ஆம் ஆண்டுத் திட்டம் 'குலக்கல்வி' என்று கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். அவரது ஆட்சியில்தான் சுந்தரவடிவேலு இயக்குநரானார். ஊர்தோறும் பள்ளி திறப்பது ஒரு பணி. திறந்த பள்ளிக்குப் பிள்ளைகளை வரவழைப்பது அதனினும் கடினமான பணி. பசித்த பிள்ளை மாடு மேய்க்கவோ கூலி வேலைக்கோ போய்விடும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920இலேயே நீதிக்கட்சியினர் உணவு வழங்கிப் பார்த்ததுண்டு. அது நீடிக்கவில்லை. 1956இல் மதிய உணவுத் திட்டம் மக்களின் நன்கொடையை நம்பியே தொடங்கியது. பின்னர் அரசு மானியம் சேர்ந்தது. ஒரு பிள்ளையின் உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊராரும் ஏற்றனர். அந்த நான்கு காசால் திட்டம் ஊராருக்கும் சொந்தமாயிற்று.

பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்

இதே முறையைப் பள்ளியின் பிற தேவைகளுக்கும் அவர் விரித்தார். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என ஒவ்வொரு பள்ளியின் குறையும் பட்டியலிடப்பட்டது. வசதியுள்ளவர் நிலமும் பணமும் தந்தனர். இல்லாதவர் உழைப்பைத் தந்தனர். அதுவரை அரசின் பள்ளியாக இருந்தது, 'எங்கள் ஊர்ப் பள்ளி' ஆனது. ஆயினும் நன்கொடை திரட்ட முடியாத ஏழை ஊர்கள் பின்தங்க நேரும் என்பது இம்முறையின் எல்லை. பிற்காலத்தில் அரசே முழுப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

துணைவேந்தர்

இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாருக்குப் பின், 1969இல் அப்பொறுப்பை ஏற்று 1975 வரை பணியாற்றினார். 1961இல் பத்மசிறீ விருது பெற்றார். 'புரட்சியாளர் பெரியார்', தன்வரலாறான 'நினைவு அலைகள்' ஆகியவை அவரது நூல்களுள் சில. 1993 ஏப்ரல் 12 அன்று மறைந்தார்.

மதிப்பீடு

1982இல் சத்துணவும் 2022இல் காலை உணவும் வந்தன. பாடம் ஏறுவதற்கு முன் பசி ஆற வேண்டும் என்ற எளிய உண்மையே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. அதை ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சொல்லி, செயலாக்கியும் காட்டிய அதிகாரி என்பதே சுந்தரவடிவேலுவின் பெருமை.