படம் ஒன்று, உரை வேறு: சீன ஆவணத் தொடர்கள் மூன்றின் தலைப்புகள்

தொலைக்காட்சி ஆவணப்படத்தின் வரலாறு பெரும்பாலும் ஒளிப்பதிவின் வரலாறாகவே எழுதப்படுகிறது. சீனத் தொடர்களுக்கு இம்முறை போதாது. 1979க்கும் 1988க்கும் இடையே அங்கு உருவான மூன்று பெருந்தொடர்களில் இடம்பெற்ற காட்சிகளுள் பல ஜப்பானியருடன் கூட்டாக எடுக்கப்பட்டவை. சீனர்க்கே உரியதாய் அமைந்தது அக்காட்சிகளின் மேல் ஒலித்த உரை. ‘ஜியேஷுவோத்சு’ (விளக்கச் சொற்கள்) எனப்படும் இவ்வுரை எழுத்தாளர்களால் இயற்றப்படுவது, நூலாகவும் அச்சேறுவது. தனியே வைத்துப் படிக்கத்தக்க ஓர் உரைநடை வகை என்றே அதனைக் கொள்ளலாம்.

முதலாவது ‘பட்டுப் பாதை’. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமும் சீன மத்தியத் தொலைக்காட்சியும் இணைந்து 1979இல் படப்பிடிப்பைத் தொடங்கின. பழைய சாங்ஆன் நகரமாகிய சியானிலிருந்து பாமிர் மலை வரை குழு சென்றது. ஜப்பானில் 1980 ஏப்ரல் முதல் 1981 மார்ச் வரை மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு பகுதிகள் ஒளிபரப்பாயின. சீனத் தொலைக்காட்சி அதே படப்பிடிப்பிலிருந்து தனக்கெனத் தொகுத்து, தனக்கென உரை எழுதிக்கொண்டது. ஜப்பானியப் பதிப்பின் முதற்பகுதித் தலைப்பில் சாங்ஆனுக்கு ‘ஹருக்கனரி’ என்னும் சொல் அமைந்தது. ‘நெடுந்தொலைவிலுள்ளது’ என்பது அதன் பொருள். வடிவமோ பேச்சுவழக்கில் மறைந்து செய்யுள் நடையில் மட்டும் எஞ்சியது. ஏழாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை தூதரையும் துறவியரையும் கடல்வழியே சாங்ஆனுக்கு அனுப்பிய நாட்டுக்கு அச்சொல் இடத்தின் தொலைவையும் காலத்தின் தொலைவையும் ஒருங்கே சுட்டும். சியானில் வாழும் சீனருக்கு அது பொருந்துமாறில்லை.

தொடரின் பெயரும் ஆராயத்தக்கது. பயணம் செய்த வணிகர் எவரும் அவ்வழியை இப்பெயரால் அழைத்ததில்லை. ஜெர்மானிய நிலவியலறிஞர் ரிக்ட்ஹோஃபென் 1877இல் இதனைப் பரவச் செய்தார்; அவருக்கு முன்னரே ஜெர்மன் நூல்களில் அச்சொல் வழங்கியதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. சீனத்தின் ‘சிச்சோவ் ச்சீ லூ’ அதன் மொழிபெயர்ப்பே. ஜப்பானிய மொழியில் ‘கினு நோ மிச்சி’ (பட்டின் வழி) என்ற சொந்தத் தொடர் இருந்தும், தொடருக்கு ஆங்கிலத்தை ஒலிபெயர்த்து ‘ஷிருக்குரோடோ’ எனப் பெயரிட்டுச் சீனத் தொடரைத் துணைத்தலைப்பாகச் சேர்த்தனர். தமிழில் ‘பட்டுப் பாதை’ நிலைத்துவிட்டது. கல்வெட்டு வழக்காகிய ‘பெருவழி’ கைக்கெட்டும் தொலைவில் இருக்க, ஒற்றையடித் தடத்தையும் குறிக்கும் ‘பாதை’யைத் தேர்ந்தது சிறப்பன்று.

இரண்டாவது தொடர் 1983இல் இருபத்தைந்து பகுதிகளாக வெளிவந்தது. ஜப்பானியப் பாடகர் சாதா மசாஷி 1981இல் வெளியிட்ட திரைப்படத்திற்காகக் கூட்டாக எடுக்கப்பட்ட காட்சிகளே இதற்கு அடிப்படை. ஜப்பானியப் படத்தின் பெயர் ஆற்றின் பெயர் மட்டுமே. சீனத் தொடரோ ‘ஹுவாஷுவோ சாங்ஜியாங்’ எனப்பட்டது. வெளிநாட்டார் யாங்சி என வழங்குவதைச் சீனர் சாங்ஜியாங், அதாவது நெடிய ஆறு, என்பர். முன்னொட்டாக வரும் ‘ஹுவாஷுவோ’ பழைய கதைசொல்லிகள் ஓர் இயலைத் தொடங்கும் வாய்பாடு. வில்லுப்பாட்டுக்காரர் அவையை நோக்கிக் கதைக்குள் புகும் தொடக்கத்தோடு ஒப்பிடத்தக்கது. இவ்வொரு சொல்லால் நிலவியல் பாடம் தொடர்கதையாயிற்று. சென் துவோ, ஹுங் யூன் ஆகிய இருவரும் திரையில் தோன்றி நேயரிடம் நேரடியாகப் பேசினர். சொல்லின்றி ஒலித்த முகப்பிசைக்கு நேயரிடமிருந்தே பாடல் வரிகள் கோரப்பட்டன. 1984இல் ஹூ ஹுங்வெய் எழுதியவை தேர்வாயின. ‘யாங்சியின் கதை’ என்று பெயர்த்தால் தகவல் கிட்டும். அவையோரை விளிக்கும் குரல் கிட்டாது.

மூன்றாவது தொடரில் உரை காட்சியை எதிர்த்தே நின்றது. மஞ்சள் ஆற்றைப் பற்றிய சீன–ஜப்பானியக் கூட்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயக்குநர் சியா ஜூன், அக்காட்சிகளைப் பயன்படுத்தி வேறொன்றைச் செய்ய எண்ணினார். சூ சியாவோகாங், வாங் லூசியாங் முதலியோர் உரை எழுதினர். ‘ஹெஷாங்’ என்னும் ஆறு பகுதித் தொடர் 1988 ஜூனில் வெளிவந்து, ஆகஸ்டில் மறுஒளிபரப்பாயிற்று. மஞ்சள் ஆறு, நெடுஞ்சுவர், டிராகன் ஆகியன நாட்டுப் பெருமையின் சின்னங்களாகக் காட்டப்பட்டு வந்தவை. இங்கு அதே படங்களின் மேல், அவை மூடுண்ட நாகரிகத்தின் அடையாளங்கள் என்ற குரல் ஒலித்தது. வண்டலைச் சுமக்கும் மஞ்சள் ஆறு நீலக்கடலில் கலக்க வேண்டும் என்பது இறுதிப் பகுதியின் வேட்கை. 1989 ஜூனுக்குப் பின் தொடர் தடைசெய்யப்பட்டது. சூ சியாவோகாங் நாட்டைவிட்டு வெளியேறினார். வாங் லூசியாங் சிறைப்பட்டார்.

மஞ்சள், நீலம் என்னும் இப்பிரிவினை வரலாற்று நோக்கில் வலுவற்றது. சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்–சீனக் கல்வெட்டு உள்ளது. கடற்படைத் தலைவர் செங் ஹெயின் 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் அமைந்தது. அக்கல்லில் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே. காணிக்கை பெறுவோர் சீனப் பகுதியில் புத்தர், தமிழ்ப் பகுதியில் தென்னவரை நாயனார், பாரசீகப் பகுதியில் அல்லா. ஒரே பொருளுக்கு மும்மொழியில் மூவேறு உரை எழுதும் வழக்கம் தொலைக்காட்சிக்கு ஐந்நூறு ஆண்டு மூத்தது.

‘ஹெஷாங்’ மொழிபெயர்ப்பாளரைத் திணறச் செய்யும் தலைப்பு. ‘ஹெ’ என்பது ஆறு. ‘ஷாங்’ என்பது பருவம் நிரம்புமுன் இறந்தவரைக் குறிக்கும். பழைய சடங்கு நூல் எட்டு வயதுக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட சாவுகளை மூவகையாகப் பகுத்து, துக்கம் காக்கும் முறையையும் வரையறுக்கிறது. சூ நாட்டுப் பாடல்களுள் ஒன்றான ‘குவோஷாங்’ போரில் மடிந்தோர்க்கு உரியது. ஆகவே முதிராச் சாவு, நாட்டுக்காக இறந்த சாவு என்னும் இரு பொருளும் தலைப்பில் தொனிக்கும். மிகப் பழையதெனப் போற்றப்படும் நாகரிகம் முதிராமலே மடிந்தது என்ற முரண் அச்சொல்லுக்குள்ளேயே உள்ளது.

ஆங்கிலத்தில் பெரிதும் வழங்கும் ‘ஆற்றின் இரங்கற்பா’ என்ற பெயர் துயரத்தை மட்டும் தருகிறது, வயதை விட்டுவிடுகிறது. தமிழில் ‘கையறுநிலை’ முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் புறத்துறையாகிய கையறுநிலை எஞ்சியோரின் நிலை. ‘ஷாங்’ இறந்தோரின் பெயர். ‘ஆற்றின் கையறுநிலை’ என்றால் ஆறே அழுவதாகவும் பொருள்படும். ‘ஆறு’ என்பது தமிழில் வழியையும் குறிப்பதால் ஐயம் மேலும் கூடும். ‘முதிராது மடிந்த ஆறு’ என்பது பொருளுக்கு நெருக்கமானது. தலைப்பாக நீளமானது, பழம்பாடலின் எதிரொலியும் அதில் இல்லை. 1991இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஆற்றின் சாவுப்பாடல்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு, ‘ஹெஷாங்’ என்ற மூலச்சொல்லையும் துணைத்தலைப்பில் விடாது வைத்துக்கொண்டது.