சிங்கோனாப் பட்டையும் இலங்கையின் மலேரியாவும்

மூலிகை மருந்தாக மாறிய வரலாற்றை இரசாயனவியலின் வெற்றியாக மட்டுமே எழுதும் மரபொன்று உண்டு. இலங்கையிற் சிங்கோனா கண்ட வாழ்வும் வீழ்ச்சியும் அம்மரபை ஐயுற வைக்கின்றன.

அந்தீசு மலைச்சரிவுகளுக்குரிய சிங்கோனாவின் பட்டைத்தூள் 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவிற் காய்ச்சலுக்கு வழங்கப்பட்டது. ஆயின் ஒரு மரத்துப் பட்டையின் வீரியம் மற்றொன்றிற் கிடைப்பதில்லை, கலப்படமும் மலிந்திருந்தது. 1820இல் பாரிசில் பெல்த்தியே, கவந்தூ ஆகிய இருவரும் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். அளவறிந்து கொடுக்கத்தக்க மருந்து கிடைத்தது. அத்துடன், பட்டையின் விலையும் அதிலடங்கிய குயினைனின் வீதத்தைக் கொண்டே நிர்ணயிக்கப்படலாயிற்று. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இது இன்றியமையாதது.

வெப்பமண்டலத்தில் தம் படைகளையும் அதிகாரிகளையும் காக்க விழைந்த பிரித்தானியர், 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பார் தலைமையில் விதைகளையும் கன்றுகளையும் தென்னமெரிக்காவினின்று கடத்தி வந்தனர். 1861இல் ஹக்கலைத் தோட்டம் இதன்பொருட்டே நிறுவப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும், தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. சந்தை நிரம்பி வழிந்து விலை சரிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர்.

ஒல்லாந்தரோ 1865இல் சார்ள்ஸ் லெட்ஜர் விற்ற விதைகளை யாவாவிற் பயிரிட்டனர். இலங்கையிற் பெரிதும் பயிரான இனங்களைவிட அவ்வினத்திற் குயினைன் பன்மடங்கு மிகுதி. (அவ்விதைகளைப் பொலிவியாவிற் திரட்டியவர் மனுவேல் இங்க்ரா மமானி என்னும் அய்மாரா இனத்தவர். அதற்காகவே சிறையில் வதைக்கப்பட்டு அவர் மாண்டார். தாவரவியலில் நிலைத்தது லெட்ஜரின் பெயரே.) 1913இல் யாவாத் தோட்டக்காரரும் குயினைன் உற்பத்தியாளரும் செய்த உடன்படிக்கை விலையைத் தம் கைக்குட் கொணர்ந்தது. 1930களில் உலகின் குயினைனுக்கான பட்டையில் பத்திலொன்பது பங்குக்கு மேல் யாவாவினதே.

இந்நிலையிலேதான் 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையைத் தாக்கியது. மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஐம்பதாண்டுகட்கு முன் கப்பல் கப்பலாகப் பட்டையை அனுப்பிய நாடு குயினைனை இறக்குமதி செய்தே விநியோகிக்க வேண்டியிருந்தது.

பெரிதும் பாதிக்கப்பட்ட கேகாலைப் பகுதிக்குச் சென்ற சூரிய மல் இயக்கத்து இளைஞர் கண்டது மருந்துப் பஞ்சத்தை மட்டுமன்று. பசியால் நலிந்த உடல்களைக் குயினைன் மட்டும் தேற்றவில்லை. அவர்கள் பருப்பும் சுமந்து சென்றனர். பின்னாளில் நிதியமைச்சராகிய என்.எம். பெரேராவுக்குக் கிராமத்தவர் இட்ட பெயர் ‘பருப்பு மாத்தையா’.