ஆளி விதை வாங்கப் போன ஆசிரியர்

நெஞ்சு வலித்தாலும் காய்ச்சல் விடாமல் அடித்தாலும் நம்மில் பலர் முதலில் எடுப்பது ஃபோனைத்தான். அறிகுறியைத் தட்டினால் பத்து நோய்களின் பெயர் வந்து நிற்கிறது. மருத்துவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ‘கூகுள் டாக்டர்’ என்று கிண்டலும் நடக்கிறது. கிண்டல் செய்பவர்கள் ஒன்றை நிச்சயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்: கூப்பிட்டால் மருத்துவர் வருவார், தொட்டுப் பார்ப்பார், கேட்டால் பதில் சொல்வார். நம் மக்களுக்கு இது எப்போது நிச்சயமாக இருந்தது? இதை வரலாற்றிடம்தான் கேட்க வேண்டும்.

1929-ஆம் ஆண்டு. குஜராத்தின் கத்தியவார் பகுதியில் ஒரு கிராமம். தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவிக்குக் குழந்தை பிறந்தது. இரண்டாவது நாளே அந்தப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு. பிறகு மூச்சுத் திணறல், விலாவில் கடுமையான வலி. ஆசிரியர் மருத்துவரைத் தேடி ஓடினார். சேரி வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார் மருத்துவர். ஆசிரியர் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் போய்க் கெஞ்சினார். இரண்டு ரூபாய் ஃபீசுக்கு அவர்களில் ஒருவர் ஜாமீன் நின்றார். அதன் பிறகும் மருத்துவர் ஒரு நிபந்தனை போட்டார்: நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும்.

பிள்ளை பெற்ற உடம்போடு, கைக்குழந்தையோடு அந்தப் பெண் வெளியே கொண்டுவரப்பட்டார். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. இரவு எட்டு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, நிமோனியா என்று சொல்லிப் போய்விட்டார் மருத்துவர். மருந்து மட்டும் அனுப்பினார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் இறந்துபோனார்.

ஆசிரியர் எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12 அன்று காந்தியின் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன் நினைவுக் குறிப்புகளில் அதை எடுத்துச் சேர்த்தார். அதனால்தான் இன்று நாம் அதைப் படிக்க முடிகிறது.

அந்தக் கடிதத்தில் சுலபமாகத் தாண்டிப்போகக்கூடிய ஒரு வரி உண்டு. மருத்துவர் போன பிறகு ஆசிரியர் கடைத்தெருவுக்குப் போய் ஆளி விதை வாங்கி வந்து மனைவிக்கு வைத்தியம் செய்தார். இதை அறியாமை என்று சொல்வீர்களா? அவர் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். முதலில் மருத்துவரிடம்தான் ஓடினார். மருத்துவர் கைவிட்ட பிறகுதான் ஆளி விதை வந்தது. நம் வீடுகளில் இன்று ஃபோனில் தேடுவதன் முன்னோடி அந்த ஆளி விதை. ஒரு நாள் கூலியை விட்டு ஜி.ஹெச்-சுக்குப் போய், வரிசையில் நின்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிய சீட்டோடு திரும்பியவர், அடுத்த முறை ஃபோனைத் திறப்பதில் என்ன வியப்பு?

ஆனால் இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கியது 1816-இல். அன்று முதல் நுரையீரல் நோயை நெஞ்சில் காது கொடுத்துக் கேட்டுக் கண்டறிவது மருத்துவத்தின் பாலபாடமாயிற்று. 113 ஆண்டுகள் கழித்தும் கத்தியவார் பெண்ணுக்குக் கிடைத்தது தெர்மாமீட்டர் காட்டிய ஓர் எண்தான். தொட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது. பெனிசிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்ததே 1940-களில். ஆனால் அக்காலத்து மருத்துவம் தரக்கூடிய கவனிப்பு எல்லாமே தொடுவதில் தொடங்கியது. சாதி பறித்தது அதைத்தான்.

இப்போது ஃபோனை எண்ணிப் பாருங்கள். அதுவும் தொடுவதில்லை. நாம் தட்டும் நான்கு சொற்களை வைத்துத்தான் சொல்கிறது. கண்ணின் கீழிமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்காது. வயிற்றை அழுத்திப் பார்க்காது. நெஞ்சைக் கேட்காது. இரண்டு வாரம் விடாமல் இருமினால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஃபோனில் படித்து அலர்ஜி என்று முடிவுகட்டி மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்கிக் குடித்தால், ஒற்றை அறை வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அது பரவலாம்.

தொட்ட மருத்துவர்கள் எல்லோரும் நம்பத்தக்கவர்களா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அரசு பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய். நோயின் பெயரைச் சொல்லாமல் ‘கெட்ட ரத்தம்’ என்று ஏமாற்றினார்கள். பெனிசிலின் வழக்கமான சிகிச்சையான பிறகும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டால் உடல் என்ன ஆகும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். 1972-இல் செய்தித்தாள்களில் வெளிவந்த பிறகுதான் ஆய்வு நின்றது.

இப்படிப்பட்ட ஒரு நாட்டில் கறுப்பின மக்கள் மருத்துவத்தையே வெறுத்து ஒதுக்கியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் பிளாக் பேந்தர்கள் வேறு வழி எடுத்தார்கள். ஒவ்வொரு கிளையும் மக்கள் இலவச மருத்துவ நிலையம் நடத்த வேண்டும் என்று 1970-இல் முடிவெடுத்தார்கள். அரசு கண்டுகொள்ளாத அரிவாள் அணு ரத்தசோகையைத் தாங்களே படித்தார்கள். தெருத்தெருவாகப் போய் விளக்கினார்கள். ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். தங்களோடு நின்ற மருத்துவர்களையும் செவிலியர்களையும் மருத்துவ மாணவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் இதைச் செய்தார்கள். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயர் எடுத்துக்கொண்டது இவர்களிடமிருந்துதான். பெயரோடு இந்தப் பாடத்தையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவரிடம் கணக்குக் கேட்கத்தான் அவர்கள் அறிவைத் திரட்டினார்கள்.

கணக்குக் கேட்க நமக்குச் சட்டமும் இருக்கிறது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, இன்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்கும் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. கத்தியவார் ஆசிரியரிடம் இவை எதுவும் இல்லை.

ஆகவே தோழர்களே, ஃபோனில் படியுங்கள், தவறில்லை. படித்ததைத் தீர்ப்பாக வைத்துக்கொள்ளாமல் கேள்வியாக மாற்றுங்கள். என்றைக்குத் தொடங்கியது, எப்போது கூடுகிறது, என்ன மருந்து சாப்பிட்டோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இது என்ன நோய், வேறு என்னவாக இருக்கலாம், எதற்கு இந்த மருந்து என்று கேளுங்கள். அம்மாவோ பாட்டியோ தனியாகப் போய் ஒன்றும் கேட்காமல் திரும்புகிற வீடுகளில் கூடப் போய் நில்லுங்கள். மருத்துவர் தொடாமலே சீட்டு எழுதினால், ‘ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள் டாக்டர்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். அது யாரிடமும் கேட்கும் சலுகை அல்ல. 1929-இல் ஒரு தாய்க்கு மறுக்கப்பட்ட உரிமை.