தோற்றவர் பெயரில் ஒரு வினைச்சொல்

மலேசியாவின் சபா மாநிலக் கரைக்கு அப்பால் புலாவ் திகா என்றொரு சிறு தீவு உண்டு. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ‘சர்வைவர்’ என்னும் போட்டி நிகழ்ச்சியின் முதற் பருவத்தை அங்கேதான் படம்பிடித்தது. 16 போட்டியாளர், 39 நாள்கள், இறுதியில் எஞ்சும் ஒருவருக்குப் பத்து இலட்சம் டாலர். இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்ட அவர்கள், தாம் தங்கிய கடற்கரைகளின் பெயராலேயே ‘டாகி’ என்றும் ‘பகாங்’ என்றும் வழங்கப்பெற்றனர். பின்னாளில் அந்நிகழ்ச்சியின் இரசிகரிடையே பகாங் என்னும் பெயர் வினைச்சொல்லாயிற்று. இரு குழுக்களும் ஒன்றாக இணைந்தபின், ஒரு குழுவார் மற்றைக் குழுவாரை ஒருவர்பின் ஒருவராக வாக்களித்து அடியோடு வெளியேற்றுதல் ‘பகாங்கிங்’ எனப்படும்.

இச்சொல்லுக்குக் கலைக்களஞ்சியத்தில் ஒரு தனிக்கட்டுரை தகுமா? அற்ப வினா என்று முகஞ்சுளிப்போர் சற்றே பொறுக்க வேண்டுகிறோம். பெரும்பொருளை எந்தக் களஞ்சியமும் விடாது. எல்லையில் நிற்கும் சிறுசொல்லை என் செய்கிறது என்பதிலேயே அதன் இயல்பு தெரியும்.

முதலில் நடந்ததைக் காண்போம். 2021இல் நடிகர் அர்ஜுன் தொகுத்தளித்த தமிழ் வடிவத்தைப் பார்த்தவர்க்கு ஆட்ட விதிகளை விளக்க வேண்டியதில்லை. குழுக்கள் இணைந்தபோது இரு பக்கமும் ஐவர் ஐவராய் நின்றனர். எண்ணிக்கையில் சமம், ஆயத்தத்தில் அன்று. டாகியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாட்ச், ரூடி போஷ், சூ ஹாக், கெல்லி விகிள்ஸ்வொர்த் ஆகிய நால்வரும் ஒரே பெயருக்கு வாக்களிப்பது என்று முன்னரே கூடிப் பேசியிருந்தனர். பகாங் குழுவினரோ அத்தகைய உடன்பாட்டை விரும்பாதவர்கள். அவரவர் மனம் சொல்லியபடி வாக்களித்தனர். முதல் வாக்கெடுப்பிலேயே நால்வரின் வாக்கும் ஒருமுகமாய் விழுந்தது, ஏனையவை சிதறின. வெளியேறியவர் கிரெட்சன் கார்டி. இடர்ச்சூழலில் உயிர்பிழைக்கும் கலையை அமெரிக்க விமானப்படையில் கற்பித்தவர் அவர். ‘பிழைத்தவர்’ என்று பொருள்படும் பெயருடைய ஓர் ஆட்டத்தில், பிழைக்கக் கற்பித்தவரே முதற்பலி! அடுத்தடுத்து கிரெக் பூயிஸ், ஜென்னா லூயிஸ், ஜெர்வேஸ் பீட்டர்சன், காலீன் ஹாஸ்கெல். ஐவரும் போயினர். டாகியின் ஐந்தாமவரான ஷான் கெனிஃப் என்னும் மருத்துவர் எவர் பக்கமும் சாராமல், அகரவரிசைப்படி வாக்களித்து வந்தார். அந்த நடுநிலையும் கூட்டணிக்கே பயன்பட்டது. ஆகஸ்டு 23 அன்று ஒளிபரப்பான இறுதிப் பகுதியை ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் கண்டனர். ஹாட்ச் நான்குக்கு மூன்று என்ற வாக்கில் வென்றார்.

இனிச் சொல்லுக்கு வருவோம். செய்தவர் டாகி, செய்யப்பட்டவர் பகாங். ஆயின் வினை செய்யப்பட்டவர் பெயரிலன்றோ நிலைத்தது? அரசியலில் இவ்விருவகைச் சொற்களும் உள. 1812இல் மசாசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி, தம் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளைக் கோணலாக வகுத்த சட்டத்தில் ஒப்பமிட்டார், ‘ஜெர்ரிமாண்டர்’ பிறந்தது. அது செய்தவர் பெயர். 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் குடியானவர்கள் ஒரு நிலப்பண்ணை முகவரை ஒதுக்கிவைத்தனர். அவர் பெயர் சார்லஸ் பாய்காட். இது செய்யப்பட்டவர் பெயர். பகாங்கிங் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஹாட்சின் சூழ்ச்சித்திறனை வியக்கும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இச்சொல்லை ஆளுகின்ற இரசிகர், தாம் அறியாமலே, ஆட்டத்தைத் தோற்றவர் கரையிலிருந்து பார்க்கிறார். இதனை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

அவ்வாறாயின் தனிக்கட்டுரை தரலாமே என்பர். இங்கேதான் தயங்குகிறோம். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா, தான் அகராதி அன்று என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. புதுச்சொல் ஒன்றைப் பலர் ஆளுவது போதாது. அச்சொல்லைப் பற்றியே நம்பத்தகுந்த பிறர் எழுதியிருத்தல் வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆளுதல் வேறு, ஆராய்தல் வேறு. சொல்லின் பொருளும் வழக்கும் மட்டுமே வேண்டுவோர்க்கென 2002இல் விக்சனரியும் வந்துவிட்டது. பாய்காட் என்னும் சொல் மேயோவை விட்டுப் புறப்பட்டு, தோன்றிய சில மாதங்களிலேயே செய்தித்தாள்களில் பரவி, உலகின் பல மொழிகளுக்குள் புகுந்தது. பகாங்கிங் பிறந்த வீட்டின் வாயிற்படியைத் தாண்டவில்லை. அந்நிகழ்ச்சியைப் பாராதவர்க்கு அச்சொல்லால் ஆவதொன்றில்லை.

எனினும் சொல் சிறிதாயினும் அது சுட்டும் பொருள் சிறிதன்று. மூன்றாம் பருவத்தில், 2001இல், ஆப்பிரிக்காவில் நடந்த ஆட்டத்தில், குழுக்கள் இணையும் முன்பே உறுப்பினரை இடமாற்றும் வழக்கம் புகுந்தது. 2002இன் மார்க்கேசஸ் பருவத்தில் பெரும்பான்மையாய் நின்ற நால்வர், தேங்காய் தொடர்பான ஒரு போட்டியில் தம் உள்வரிசையை, அதாவது எவர் வேண்டியவர் எவர் வேண்டாதவர் என்பதை, வெளிக்காட்டிவிட்டனர். கடைவரிசையில் இருந்தோர் விழித்துக்கொண்டு அணிமாறினர். 2005இன் குவாத்தமாலா பருவத்தில் மறைத்துவைக்கப்பட்ட காப்புச்சிலை வந்தது. ஐந்துபேர் ஒருவர்பின் ஒருவராய் வீழும் அந்த நேர்க்கோட்டை இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் முறிக்க வல்லவை. ஆக, எழுதத்தக்க வரலாறு ஒன்று இருக்கிறது. அது ஒரு சொல்லின் வரலாறன்று; ஒன்றுதிரண்ட வாக்குக்கும் சிதறிய வாக்குக்கும் இடையே ஓர் ஆட்டம் எவ்வாறு தன்னைத் திருத்திக்கொண்டது என்பதன் வரலாறு.

களஞ்சியங்களில் ‘காண்க’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. பகாங்கிங் என்று தேடி வருபவரை, சர்வைவர் முதற் பருவம் என்னும் கட்டுரைக்கு அனுப்பிவைக்கலாம். அங்கே வாக்குக் கூட்டணி பற்றிய பகுதியில் இச்சொல்லும், அதன் பிறப்பும், ஐவர் பெயரும் இடம்பெறட்டும். நீக்கிவிடுக என்போர் தேடி வருபவரைத் தெருவில் நிறுத்துகிறார்கள். தனிக்கட்டுரை வேண்டும் என்போரோ இரண்டு வரிப் பொருளுரையை நான்கு பக்கமாக நீட்டப் பார்க்கிறார்கள். அத்தகைய கட்டுரை எடுத்துக்காட்டுகளின் பட்டியலாகவே முடியும்.

பகாங் என்னும் தலைப்பு மட்டும் வெறுமையாக இருக்கட்டும் என்பது நம் விருப்பம். அது அந்தக் கடற்கரைக்கு உரியது. சேற்று எரிமலைகள் உள்ள தீவு அது. அதனைப் பற்றி எழுத யாரேனும் வரக்கூடும்.